வெறுந்தேத்தண்ணிக் கரோல்

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட வேண்டாம். எங்கள் ஒழுங்கை குறுகின தெரு, அதில் செய்திகள் அப்படித்தான். நான் சைக்கிளின் பூட்டைத் திறக்குமுன் அவை வீட்டுக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்திருக்கும்.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று எல்லோரும் களைத்துப்போயிருந்த வருடம் அது. உடுவிலிலிருந்து உள்ளே போகிற வழியில், வெங்காயத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஆலயம் இருக்கிறது. சின்ன ஆலயம். ஞாயிறு ஆராதனையில் எல்லா வாங்குகளும் நிறைந்தால் போதகர் பிரசங்கத்தைப் பத்து நிமிடம் கூட்டிவிடுவார். நிறையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சிலர் பிந்தி வருவார்கள் என்பது என்னுடைய சந்தேகம். நான் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் வாலிபர் சங்கத்தின் செயலாளர் பதவியை, யாரும் கேட்குமுன் நானே எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் எங்கள் சங்கத்துக்கு ஒரே வேலை, கரோல். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஜெனரேற்றரையும் கலர் பல்புகளையும் கட்டி, டோலக்கோடும் நத்தார்த் தாத்தாவோடும் ஏறிக்கொண்டு இருட்டினபிறகு வீடு வீடாகப் போவோம். முற்றத்தில் நின்று இரண்டு பாட்டுப் பாடுவோம். பிறகு சாப்பாடு வரும். அந்தச் சாப்பாடுதான் வளர்ந்துகொண்டே போனது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு துண்டு கேக்கும் தேநீரும். பிறகு ஒரு வீட்டில் றோல்ஸ் கொடுத்தார்கள், அடுத்த வருடம் பக்கத்து வீட்டில் பற்றீஸ். கனடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடொன்றில், கொட்டுகிற மழையில் ஐஸ்கிறீம் கொடுத்து, பாடினவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பரிசுப் பையும் தந்தார்கள். அதற்குப் பிறகு யாராலும் வெறும் கேக்கோடு வாசலில் நிற்க முடியவில்லை. பத்தாவது வீட்டில் எங்களுக்குப் பாட்டு வராது, ஏப்பம்தான் வரும்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. டிசெம்பர் மூன்றாம் ஞாயிறு, கரோல் போகிற வீடுகளின் பட்டியலை ஆராதனை முடிவில் வாசிப்போம். ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு வீடுகள் அதிலிருந்து தாமாகவே கழன்றன. "இந்தமுறை நாங்கள் கொழும்பிலை நிப்பம்" என்பார்கள். கரோல் போகிற அன்று அந்த வீட்டில் விளக்கு அணைந்திருக்கும், குசினிப் பக்கத்தில் இருமல் கேட்கும்.

அந்த வருடம் அம்மாவும் அதையே சொன்னார்.

தையல் மெஷினில் நூல் கோத்தபடி, என்னைப் பாராமலே, "எங்கடை வீட்டைப் பட்டியலிலை இருந்து எடுத்துவிடு பிள்ளை" என்றார்.

"ஏனம்மா?"

"அச்சுவேலியிலை சின்னம்மாவுக்குச் சுகமில்லை. அண்டைக்குப் பாக்கப் போவம்."

"சின்னம்மா நேற்றுத்தானே போனிலை கதைச்சவ? ஆட்டுக்குட்டிக்குப் பின்னாலை ஓடிக்கொண்டெல்லோ கதைச்சவ!"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வாசலுக்கு வாற ஆக்களை வெறுங்கையோடை அனுப்பேலாது. சொன்னதைச் செய்."

அப்பாவின் ஓட்டோ முற்றத்தில் தறப்பாளின் கீழ் நின்றது. கிடைக்கிற பெற்றோலைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிச் சவாரிக்கென்று வைத்திருந்தார். புதுச்சட்டை தைக்கவும் ஆட்கள் வரவில்லை, பழையதைப் பிடிக்கவோ விரிக்கவோதான் வந்தார்கள். முட்டையும் பட்டரும் முந்திரிப்பருப்பும் கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன, நாங்கள் இந்தப் பக்கம். இதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்காதது வேறொன்று. அதை விளங்கிக்கொள்ள, அம்மா எங்கிருந்து வந்தவர் என்று சொல்லவேண்டும்.

அம்மா தென்மராட்சிப் பக்கத்தில் ஒரு சைவத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவை விரும்பித்தான் இந்த ஆலயத்துக்கு வந்தார். கல்யாணம் முடிந்து வந்த முதலாவது நத்தாருக்கு அவருடைய கேக்கைப் பார்க்கவென்றே கரோலோடு பெரிய ஆட்களும் வந்தார்களாம். "சைவக்காரப் பெட்டைக்குக் கேக் அடிக்கத் தெரியுமோ?" என்று ஆலயத்தில் ஓர்கன் வாசிக்கிற அன்ரி கேட்டது அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. அதுவரை வாழ்க்கையில் முட்டை உடைத்தே பழக்கமில்லாத அம்மா, ஒரு மாதம் முன்னரே யாரிடமோ கேட்டுப் பழகி, மஞ்சளை வேறாக வெள்ளையை வேறாக அடித்து, சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டுகளைப் பொடியாக வெட்டிப் போட்டு, தட்டைச் சைக்கிள் கரியரில் கட்டிப் பேக்கரிக்கு அனுப்பிச் சுட்டு எடுத்து, துண்டு துண்டாக எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஓர்கன் அன்ரி ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு இன்னொன்றைக் கைப்பைக்குள் வைத்தார். அந்த இரண்டாம் துண்டோடுதான் தன்னை ஆலயத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஞானஸ்நானம் அதற்கு ஆறு மாதம் முந்தியே முடிந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் வாசலைப் பூட்டப்போகிறார். எனக்கு உடம்பெல்லாம் துடித்தது. துடித்தால் நான் யோசிப்பதில்லை, கூட்டம் கூட்டுவேன்.

சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று பேசினேன். நல்லாய்த்தான் பேசினேன். மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவருக்கு ஏன் ஐஸ்கிறீம் என்று கேட்டேன். லாண்ட்மாஸ்டர் வேண்டாம், டீசல் இல்லை. சைக்கிளில் போவோம். மின்சாரம் எப்போது நிற்கும் என்று தெரியாது, அதனால் பின்னேரம் இரண்டரைக்கே வெளிக்கிடுவோம். எல்லா வீட்டிலும் பாலில்லாத வெறுந்தேத்தண்ணி மட்டும். யார் என்ன நீட்டினாலும் நாங்கள் சாப்பிடுவதில்லை, பரிசும் வாங்குவதில்லை.

"அப்ப நத்தார்த் தாத்தாவும் சைக்கிள்ளையோ?" என்று ஒருவன் கேட்டான். தாத்தா வேஷம் போடுகிறவன் அவன்தான்.

"ஓம், பெல் அடிச்சுக்கொண்டு வாரும்."

"தாடி செயினுக்குள்ளை போனால்?"

"மீசையோடை வாரும், காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். டோலக் வாசிக்கிற அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்தில் மூத்தவர் அவர், கூட்டுறவுக் கடையில் வேலை. எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"தங்கச்சி, சொல்லுறது நல்ல விசயம்தான். ஆனால் வீட்டுக்காரருக்குக் குறையாய்ப் போகுமெல்லோ? தங்களாலை ஏலாதெண்டு ஆரும் சொன்னவையோ?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். வெல்லப்போகிற நேரத்தில் எனக்கு வாய் மூடாது.

"சொன்னவை! வேறை எங்கையும் போகவேண்டாம் அண்ணை. எங்கடை அம்மாவே இந்தமுறை வீட்டைப் பட்டியலிலை இருந்து எடுக்கச் சொல்லிப்போட்டா. கேக் அடிக்க வழியில்லை, வாசலைப் பூட்டிப்போட்டு அச்சுவேலிக்குப் போகப்போறாவாம். எங்கடை அம்மாவே அப்பிடியெண்டால் மற்ற வீடுகளை யோசிச்சுப் பாருங்கோ."

 பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒருவருமே மறுக்கவில்லை. சிலர் கையை உயர்த்திக்கொண்டு என் முகத்தைப் பாராமல் நிலத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. தீர்மானத்தைக் கொப்பியில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். வீட்டுக்குப் பாடிக்கொண்டு சைக்கிள் ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா பெண்கள் ஐக்கியத்துக்குப் போய்வந்தார். குடையை விரித்தபடியே விறாந்தையில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், என்னைக் கடந்து போய் அப்பாவின் முன்னால் நின்றார்.

"உங்கடை மகளைக் கேளுங்கோ, என்ரை குசினிக்குள்ளை என்னென்ன இல்லையெண்டு ஊருக்குச் சொல்லி முடிச்சிட்டாவோ, இல்லாட்டி இன்னும் மிச்சம் கிடக்கோ எண்டு."

ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஓர்கன் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். "ஒண்டுக்கும் யோசியாதையும். பிள்ளை எல்லாம் சொன்னவவாம். உம்மடை மனம் நோகக்கூடாதெண்டு நாங்களும் வெறுந்தேத்தண்ணிதான் குடுக்கப்போறம்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம். அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் அம்மாவால் தாங்க முடியவில்லை. இருபத்துநான்கு வருடம் கேக் வாங்கின கை, அன்றைக்கு இரங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தது.

"அம்மா, நான் உங்களுக்காகத்தானே..." என்று தொடங்கினேன். தையல் மெஷின் கடகடவென்று ஓடத்தொடங்கியது. அதில் துணி இருக்கவில்லை.

அதன்பிறகு அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போடுவார், கோப்பையை என் முன்னால் வைப்பார். கதைப்பதெல்லாம் அப்பாவின் வழியாக. நான், "அப்பா, தலையிடிக்குத் தைலம் எங்கையெண்டு அம்மாவைக் கேளுங்கோ" என்பேன். அம்மா, "அலுமாரியிலை மேல்தட்டிலை கிடக்கெண்டு சொல்லுங்கோ" என்பார். மூவரும் ஒரே அறையில்தான் இருப்போம். ஐந்தாம் நாள் அப்பாவுக்கு அலுத்துவிட்டது. "பெற்றோலும் இல்லாமல் நான் இரண்டு பக்கத்துக்கும் ஓடிக்கொண்டு திரியிறன். வாடகையாவது தாருங்கோவன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முதுகும் கொஞ்சம் குலுங்கியதுபோல இருந்தது. ஆனால் அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை வாசிக்கவேண்டியவள் செயலாளராகிய நான். வாங்கிலிருந்து எழும்பிப் போகும்போது டோலக் அண்ணையிடம் மெல்லக் கேட்டேன், "எங்கடை வீட்டை விடட்டோ அண்ணை?"

"அம்மா திரும்பவும் சொன்னவவோ?"

"அவ என்னோடை கதைக்கிறதில்லை."

"முதல் சொன்னது கேக்கை நினைச்சு. திரும்பச் சொல்லாமல் அந்த வீட்டை எடுக்க உமக்கு உரிமையில்லை. வாசியும்."

வாசித்தேன். ஓர்கன் அன்ரியின் வீடு ஐந்தாவது, எங்கள் வீடு ஆறாவது. அந்த வரியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா இரண்டாம் வரிசையில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். போகவும் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அப்பா எனக்கு இன்னொன்றை விளங்கவைத்தார். "பகலிலை வரப்போறியள். அது தெரியுமோ உனக்கு?" என்று வெளிச்சுவரைக் காட்டினார். இரவில் கலர் பல்பு வெளிச்சத்தில் எந்தச் சுவரும் வடிவுதான். மழைக்காலத்துப் பின்னேரத்தில் எங்கள் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பாசி பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. என் தீர்மானம் கேக் இல்லாததைத்தான் மறைக்கப் பார்த்தது, வீட்டையோ வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய்த் தும்பால் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார். பாசி போனது. கூடவே மேல்பூச்சும் போய், உள்ளே இருந்த பச்சை வந்தது, இன்னும் தேய்த்த இடத்தில் நீலம் வந்தது. "இது நாங்கள் கட்டின வருசம் அடிச்ச நீலம்" என்று அப்பா சந்தோஷப்பட்டார். அம்மா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "காணும் நிப்பாட்டுங்கோ. இன்னும் தேய்ச்சால் கல்லு வந்திடும்" என்றார்.

நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி, இரண்டு மணிக்கு நான் வெளிக்கிட்டேன். அம்மா கிணற்றடியில் நின்றார். அப்பாவிடம், "கதவு திறந்திருக்குமோ?" என்று கேட்டேன்.

"எனக்கும் சொல்லேல்லை. நீ போட்டு வா."

பன்னிரண்டு சைக்கிள்கள், நத்தார்த் தாத்தாவினுடையது பதின்மூன்றாவது. தூறிக்கொண்டே இருந்தது. ஒழுங்கைகளில் செம்பாட்டு மண் கரைந்து சிவந்த வெள்ளம் நின்றது. தாத்தா ஒரு கையில் குடையும் மற்றக் கையில் ஹாண்டிலுமாக ஓடினான், தாடியைக் கழுத்துக்குப் பின்னால் திருப்பிக் கட்டியிருந்தான். தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார். "இவ்வளவு வருசமும் நித்திரையிலை உங்கடை சத்தத்தைத்தான் கேட்டனாங்கள். இண்டைக்குத்தான் ஆக்களைப் பாக்கிறம்" என்றார். அவருக்காகவும் வரம்பில் நின்று ஒரு பாட்டுப் பாடினோம். அது பட்டியலில் இல்லாத வீடு. வீடே இல்லை, தோட்டம்.

முதல் வீட்டில் எல்லோருக்கும் கூச்சம். வீட்டுக்காரர் தேநீரைத் தந்துவிட்டுக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். இரண்டாம் வீட்டில் தேநீர்த் தட்டின் துணிக்கு அடியில் பிஸ்கற் இருந்தது. "அன்ரி, தீர்மானம்" என்று நான் சொல்ல, "விசரி, அது தீர்மானம் இல்லை, மாரி பிஸ்கற்" என்றார் அவர். நான் விடவில்லை. மூன்றாம் வீட்டிலிருந்துதான் கூச்சம் விலகியது. வயிறு நிரம்பாததால் ஒருவருக்கும் அவசரமில்லை. கோப்பை கழுவ ஓடவேண்டியிராததால் வீட்டுக்காரரும் எங்களோடு விறாந்தையில் இருந்தார்கள். போன வருடம் கொழும்பில் நிற்பதாகச் சொன்ன வீடொன்றும் அந்தமுறை பட்டியலில் இருந்தது. அவர்கள் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒழுங்கை முனையிலேயே வந்து நின்றார்கள். நான் உள்ளுக்குள் துள்ளினேன். துள்ளும்போதெல்லாம் ஆறாவது வீடு ஞாபகம் வந்து காலைப் பிடித்தது.

ஐந்தாவது வீட்டில் ஓர்கன் அன்ரி இஞ்சி தட்டிப்போட்ட தேநீரும் பனங்கட்டித் துண்டும் தந்தார். "பனங்கட்டி தேத்தண்ணியோடை சேர்ந்தது, தனிச் சாப்பாடில்லை" என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிட்டார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, குடையை எடுத்தார்.

"நானும் அடுத்த வீட்டுக்கு உங்களோடை வாறன். அம்மாவைப் பாக்கவேணும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சைக்கிள்களை உருட்டிக்கொண்டு எல்லோரும் நடந்தோம்.

எங்கள் கேற் சாத்தியிருந்தது. அதைத் தள்ளினோம். ஓட்டோ, தறப்பாள், பச்சையும் நீலமுமான சுவர். முன்கதவு பூட்டியிருந்தது. யன்னல்களும் சாத்தியிருந்தன. அப்பாவையும் காணவில்லை. மழைத்தண்ணீர் கூரையிலிருந்து வாளிக்குள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டோலக் அண்ணை என்னைப் பார்த்தார். "பாடுவமோ, போவமோ?"

நான் வாளியைப் பார்த்தேன். ஓர்கன் அன்ரி குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் என்னைப் பார்க்க விருப்பமில்லை. அண்ணை டோலக்கைத் தோளில் மாட்டினார். பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தட்டத் தொடங்கினார். பூட்டின கதவுக்கு முன்னால் நாங்கள் பாடினோம். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

முதலாம் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்கும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. புகைக்குப் பின்னால் அம்மா வந்தார். சேலையை ஏற்றிச் செருகி, முகமெல்லாம் வேர்த்து, கண் சிவந்து, இரண்டு கையிலும் ஆவியில் அவிக்கிற பெரிய ஓலை நீத்துப்பெட்டி.

"கடவுளே, வந்திட்டியளோ! அஞ்சு மணியாகும் எண்டெல்லோ நினைச்சன். ஈர விறகு, எரியவே மாட்டனெண்டு நிண்டது. புகை உள்ளுக்கை போகுமெண்டு முன்பக்கமெல்லாம் சாத்திப்போட்டன்." பின்னால் அப்பா கேத்திலோடு இருமிக்கொண்டு வந்தார்.

நீத்துப்பெட்டியை அம்மா விறாந்தையில் வைத்து மூடியைத் திறந்தார். கொழுக்கட்டை. அரிசிமா வெள்ளைவெளேரென்று, விளிம்பெல்லாம் விரலால் கிள்ளிக் கிள்ளி அடைத்து, ஆவி பறக்க. உள்ளே வறுத்த பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் என்று மணமே சொன்னது. அது அம்மாவின் பிறந்தவீட்டுப் பலகாரம். எங்களுக்குத் தருவார், பின்னேரங்களில், யாரும் இல்லாதபோது. ஆலயத்து ஆட்களுக்கு முன்னால் அதை அவர் வைத்து நான் பார்த்ததேயில்லை. அவர்களுக்குக் கேக். எப்போதும் கேக்.

ஓர்கன் அன்ரி குனிந்து பார்த்தார். பிள்ளையாருக்குப் படைக்கிறவர்களின் விரதகாலமும் அந்த மாதம்தான். படைத்ததை எங்கள் ஆலயத்துப் பழைய ஆட்கள் தொடமாட்டார்கள். அவர் தயங்கித் தயங்கி, "பிள்ளை, இது... படைச்சதோ?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி. அடுப்பாலை இறக்கி நேரே உங்களிட்டைத்தான் வருது."

அதில் கோபம் இல்லை, பணிவும் இல்லை. ஒரு வீட்டுக்காரி சொல்வதுபோலச் சொன்னார். அன்ரியின் முகம் மலர்ந்தது. ஆனால் யாரும் கை நீட்டவில்லை. டோலக் அண்ணை தொண்டையைச் செருமி அம்மாவைப் பார்த்தார்.

"அன்ரி, சங்கத்திலை ஒரு தீர்மானம் கிடக்கு. வெறுந்தேத்தண்ணியைத் தவிர..."

"தெரியும் தம்பி. தீர்மானம் போட்டவ உதிலை நிக்கிறா. அவவைக் கேளும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தா தாடியை முன்னுக்குத் திருப்பிக்கொண்டு, தீர்ப்புக் கேட்கிறவன்போல நின்றான். எனக்கு அப்போது நியாயங்கள் பல வாய்க்கு வந்தன. அவித்தது வேறு, பேக் பண்ணினது வேறு என்று சொல்லலாம். செலவில்லாததுதானே என்றும் சொல்லலாம். அந்தச் சொல் தொண்டைவரை வந்து, நல்லவேளை, அங்கேயே நின்றது. இன்னொரு தடவை அம்மாவின் குசினியை நான் எல்லோருக்கும் விளங்கப்படுத்தக் கூடாது. கொப்பியைச் சைக்கிள் கூடைக்குள் போட்டேன். முதல் ஆளாக விறாந்தையில் ஏறிக் கையை விட்டு ஒன்றை எடுத்தேன்.

கை வெந்தது. இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி எறிந்தேன்.

"சுடும். ஆத்தித் தின்" என்றார் அம்மா.

பத்து நாளுக்குப் பிறகு அம்மா என்னோடு நேரே கதைத்தார். எனக்கு வாய்க்குள் பயறும் கண்ணுக்குள் புகையுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நீத்துப்பெட்டி வெறுமையாகும்வரை ஒருவரும் தீர்மானம் பற்றிப் பேசவில்லை. ஓர்கன் அன்ரி இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, "உமக்கு இது இவ்வளவு கைவந்தது எண்டு ஏன் ஒரு வருசமும் காட்டேல்லை?" என்று கேட்டார். அம்மா சிரித்தார். அன்ரிதான் தன் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்போலச் சுவரின் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் வெளிக்கிடும்போது அப்பா அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கினார். "நீரும் ஒருக்காப் போட்டு வாருமன். பகல்தானே. கோப்பையளை நான் கழுவிறன்."

"எனக்கென்ன விசரோ, கரோலுக்குப் போக?"

"அன்ரியும் வந்தவ எல்லோ?"

அம்மா சேலையைச் சரிசெய்தார், தலையை ஈரக்கையால் வாரினார், குடையை எடுத்தார். நான் சைக்கிளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு அந்தக் குடைக்குள் ஓடி நுழைந்தேன். செம்பாட்டுத் தண்ணீருக்குள் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். ஒழுங்கையின் பாதியில் அம்மா குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கேக் இல்லையெண்டு நீ சொன்னது எனக்குப் பெரிசில்லை" என்றார் அம்மா. "அது ஆரிட்டையும்தான் இல்லை. நான் கதவைப் பூட்டப் பாத்தன் எண்டதை ஏன் சொன்னனீ?"

கூட்டத்தில் வெல்லுகிறதற்காக என்று உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். "பிழைதான் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"ம்."

அந்த 'ம்'மில் மன்னிப்பு எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் குடை என் பக்கம் கொஞ்சம் சரிந்தது.

ஏழாவது வீட்டில் முற்றத்தில் நின்று தொடங்கினோம். எங்கள் கரோல் பாட்டுகள் ஆலயத்தில் பாடுகிற கீர்த்தனைகள் அல்ல. முந்தின வாலிபர்கள் முற்றங்களுக்கென்று கட்டின துள்ளல் பாட்டுகள், அவற்றை வருடத்தில் இந்த ஒரு நாள், வீட்டுவாசல்களில்தான் பாடுவோம். இடையர்கள் ஓடிவருகிற பாட்டை அண்ணை எடுத்தார். முதலாம் சரணத்தை அம்மா வாய்விட்டுப் பாடினார், ஒரு சொல் பிசகவில்லை. அம்மாவுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் சரணம் தொடங்கியதும் அந்த வீட்டுக்காரி தேநீர் எடுக்க உள்ளே திரும்பினார். அம்மாவின் காலும் அவரோடு அரை அடி உள்ளே போனது. பிறகு நின்றது. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

அம்மா என் தோளைத் தொட்டார். "இதுக்கு இன்னும் கிடக்கோ?"

"என்னது?"

"பாட்டு. நான் இவ்வளவு நாளும் முதலாவதோடை உள்ளுக்கை போயிடுவன் எல்லோ. கேக் தட்டு எடுக்க."

இருபத்துநான்கு வருடமாக எங்கள் வாசலில் பாடப்பட்ட பாட்டுகளில் பாதியைத்தான் அம்மா கேட்டிருக்கிறார். நான் சைக்கிள் கூடைக்குள் போட்ட கொப்பியை எடுத்து, பாட்டு எழுதின பக்கத்தை விரித்து அவர் முன்னால் பிடித்தேன். "நாலு சரணம் இருக்கம்மா."

அம்மா கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. கொப்பியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, விரலை வரியில் வைத்து, எங்களுக்கு அரைத் தாளம் பிந்திப் பிந்திப் பாடினார். டோலக் அண்ணை அதைக் கவனித்துவிட்டார். தாளத்தை இழுத்தார். நாங்கள் எல்லோரும் அம்மாவின் விரலுக்காகக் காத்து நின்று, மூன்றாம் சரணத்துக்குப் போனோம்.